வேர்க்கிற ஊரில் படுக்கை: மெத்தை, தலையணை, விரிப்புக்கு முழு வழிகாட்டி

மெத்தைக் கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் செய்வது கையால் அமுக்கிப் பார்ப்பதுதான். மெத்தென்று இருந்தால் சொகுசு, விறைப்பாக இருந்தால் முதுகுக்கு நல்லது என்று அங்கேயே முடிவாகிவிடும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ படுத்துத் தூங்கப் போகிறவருக்கு அந்த அமுக்கலில் தெரியாத கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த மெத்தை ஈரத்தை என்ன செய்யும்?

உடம்பு இரவெல்லாம் வேர்க்கிறது. தலைமுடியிலிருந்து எண்ணெய் இறங்குகிறது. கடற்காற்று வேறு ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இவை உலராமல் உள்ளேயே தங்கினால் முதலில் புழுக்கம் வரும், அப்புறம் ஒரு மக்கல் வாடை, பிறகு காலைத் தும்மலும் அரிப்பும். படுக்கையைப் பற்றி வீடுகளில் கேட்கிற புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஈரத்தில் வந்துதான் முடியும். மீதி, உடம்பின் எடையை மெத்தை எப்படித் தாங்குகிறது என்பதில். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து தொடங்கலாம்.

கட்டில்: மெத்தைக்குக் கீழே காற்று போகிறதா?

பலகைச் சட்டங்கள் போட்ட கட்டில்தான் நம் ஊருக்கு ஏற்றது. சட்டங்களுக்கு நடுவே 2 முதல் 3 அங்குல இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் ஃபோம் மெத்தை இடைவெளிக்குள் இறங்கி வரி வரியாகக் குழி விழும். முழு பிளைவுட் அடித்த கட்டிலாக இருந்தால், தச்சரைக் கூப்பிட்டு அரை அடிக்கு ஒன்றாக ஓர் அங்குலத் துளை போடச் சொல்லுங்கள். அரை நாள் வேலை, பலன் பல வருஷத்துக்கு. அடியில் பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டில் இடத்தை மிச்சப்படுத்தும், காற்றை அடைக்கும். அதை வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, பலகையைக் காயவிட வேண்டும்.

கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் காற்றோட்டத்தில் முதலிடம். தொய்ந்துவிட்டால் இடுப்பு குழிக்குள் இறங்கும் என்பதுதான் குறை. மாதம் ஒருமுறை கால்பக்கக் கயிற்றை இழுத்துக் கட்டினால் தீர்ந்தது.

தரையில் மெத்தையைப் போட்டுப் படுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பத்து நாள் எடுக்காமல் விட்டுவிட்டுத் தூக்கிப் பாருங்கள்: அடித்துணியில் ஈரத்தடமும் சாம்பல் நிறப் புள்ளிகளும் இருக்கும். உடம்புச் சூட்டோடு கீழே இறங்கும் ஈரம், குளிர்ந்த சிமென்ட் தரையில் பட்டு வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடுகிறது. கீழே கோரைப்பாய் விரித்தால் கொஞ்சம் தாங்கும். ஆனால் பாயும் அதே ஈரத்தைக் குடித்து மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரில் சாய்த்து, பாயைச் சுருட்டி நிற்க வைப்பது ஒன்றே வழி. பழைய வீடுகளில் விடிந்ததும் பாயைச் சுருட்டியது இடம் போதாமல் மட்டும் இல்லை.

உயரத்தையும் அளந்துவிடுங்கள். மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலம் இருந்தால் சராசரி உயரமுள்ளவர் ஓரத்தில் உட்காரும்போது பாதம் முழுதாகத் தரையில் படியும். பழைய உயரக் கட்டிலில் 8 அங்குலப் புது மெத்தையைப் போட்டுவிட்டு, இரவில் எழுந்திருக்கும் தாத்தா பாட்டிக்குக் கால் எட்டாமல் தடுமாறுவது அடிக்கடி நடக்கிறது. விழுந்தால் உடைவது இடுப்பு எலும்பு.

இலவம்பஞ்சு: வாங்கத் தெரிந்தால் நல்ல மெத்தை

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். இலவமரத்தின் காய் கோடையில் முற்றி வெடிக்கும். உள்ளே பழமும் இல்லை, சதையும் இல்லை, பஞ்சும் விதையும்தான். பழமொழியில் ஏமாந்தது கிளி மட்டுமே, மெத்தை தைப்பவருக்கு அதுதான் மூலதனம்.

இந்த நார் ஒரு வெற்றுக் குழாய். உள்ளே காற்று, மேலே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். இலவம்பஞ்சு குடிக்காமல் ஆவியை வெளியே விடும். ‘உடம்புச் சூட்டை இழுக்கும்’ என்று கடையில் சொல்வதன் உண்மை இவ்வளவுதான். பஞ்சு குளிர்விக்காது, புழுங்க விடாது.

அதே வழுவழுப்புதான் அதன் குறையும். நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. படுக்கப் படுக்க நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து பள்ளம் விழும். மேலிருந்து கீழாக நூலைக் குத்தி இழுத்துக் கட்டும் முடிச்சுகள் அரை அடி முதல் முக்கால் அடிக்கு ஒன்றாவது இருந்தால்தான் பஞ்சு இடத்தில் நிற்கும். முடிச்சைக் குறைத்துத் தைத்தால் வேலை சீக்கிரம் முடியும், மெத்தையும் சீக்கிரம் முடியும்.

கலப்படத்தைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் போதும். அடைப்பதற்கு முன்னால், பஞ்சு மூட்டையின் மேலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துச் செய்ய வேண்டும்.

முதல் சோதனை விரலில். சிறு துணுக்கை எடுத்து விளக்குத் திரி திரிப்பது போலத் திரியுங்கள். பருத்தியானால் திரியாகிவிடும். இலவம்பஞ்சு வழுக்கி, இழுத்ததும் பிரிந்து வந்துவிடும். நூற்பாலைக் கழிவைக் கலந்திருந்தால் இங்கேயே பிடிபடும்.

இரண்டாவது தண்ணீரில். சும்மா போட்டுப் பார்த்தால் போதாது, வேகாத பச்சைப் பருத்தியும் கொஞ்ச நேரம் மிதக்கும். தண்ணீருக்குள் அமுக்கிப் பிசைந்துவிட்டுக் கையை எடுங்கள். இலவம்பஞ்சு குபுக்கென்று மேலே வரும்.

மூன்றாவது, கண். வெளிர்மஞ்சள் சாயலும் பட்டு மினுமினுப்பும் இருக்க வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விதை கையில் தட்டுப்பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். விதை எண்ணெய்ச் சத்துள்ளது, எலியும் வண்டும் தேடி வரும்.

6 அடிக்கு 3 அடி, 4 அங்குல மெத்தைக்கு 8 முதல் 12 கிலோ வரை பஞ்சு பிடிக்கும். 16-க்கு 24 அங்குலத் தலையணைக்கு 1 முதல் 1.5 கிலோ. கண் முன்னால் எடை போட்டு அடைக்கச் சொல்லுங்கள். முதல் மாதத்திலேயே பஞ்சு அமுங்கி உயரம் குறையும், ஆகவே கொஞ்சம் கெட்டியாகவே அடைப்பது சரி. துணி நெருக்கமாக நெய்ததாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவுக் கண்கள் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்தக் கண் வழியாகவே நார் வெளியேறி மூக்கில் ஏறும். இன்னொரு எச்சரிக்கை: இலவம்பஞ்சில் தீ வெகு வேகமாகப் பற்றும். கொசுவத்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் பழக்கம் இருந்தால், அதை இன்றே விட்டுவிடுங்கள்.

மற்ற மெத்தைகள், சுருக்கமாக

பருத்தி மெத்தை உறுதியாகத் தாங்கும், கனமாக இருக்கும். ஈரத்தைக் குடித்துக் கட்டி தட்டும். 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சடித்துத் தைத்தால் மறுபடி புதிது.

தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்யும் காயர் மெத்தை காற்றோட்டமுள்ளது, விறைப்பானது. நடுவில் பள்ளம் விழுந்தால் மீட்க முடியாது. நார் உடைந்து தூளாகக் கட்டிலுக்குக் கீழே கொட்டத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது.

ஃபோம் வாங்கும்போது ‘டென்சிட்டி’ என்று ஒரு எண் சொல்வார்கள். ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அது. 32 என்றால் 32 கிலோ. இது கடினத்தைச் சொல்லும் எண் இல்லை, உழைப்பைச் சொல்லும் எண். தினம் படுக்கிற மெத்தைக்கு 32-க்குக் குறையாமலும், கனத்த உடம்புக்கு 40-ம் கேட்டு வாங்குங்கள். மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகி உடம்பைச் சுற்றிக்கொள்ளும். ஏ.சி. இல்லாத அறைக்கு அதை வாங்குவது வீண்செலவு என்பது எங்கள் கருத்து. ரப்பர் பாலில் செய்யும் லேடக்ஸ் மெத்தை நன்றாக உழைக்கும், விலையும் அதற்கேற்றபடி. ஸ்பிரிங் மெத்தைக்குள் காற்று புழங்கும். இருவர் படுக்கும் கட்டிலானால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனிப்பையில் இருக்கும் பாக்கெட் வகையைக் கேளுங்கள், ஒருவர் புரண்டால் மற்றவர் விழிக்க மாட்டார்.

கடற்கரை ஊரில், மின்விசிறி மட்டும் உள்ள அறைக்கு எங்கள் பரிந்துரை: கீழே 4 அங்குலக் காயர், அதன்மேல் 2 அல்லது 3 அங்குல இலவம்பஞ்சு மெத்தை. கீழ் அடுக்கு எடையைத் தாங்கும். மேல் அடுக்கு மெத்தென்று இருக்கும், ஒரே ஆள் சுருட்டி மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகும் எடையிலும் இருக்கும். தூக்க முடியாத மெத்தை வெயிலைப் பார்க்காது.

எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்?

கல் மாதிரி இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையை விட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. காரணம் எளிது. நம் இடுப்பும் தோளும் புடைத்தவை, இடை உள்வாங்கியது. புடைத்த இடம் கொஞ்சம் இறங்கினால்தான் இடைக்கு அடியில் தாங்கல் கிடைக்கும்.

கடையில் மல்லாந்து படுத்து, உள்வாங்கிய இடைக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போய் வந்தால் மெத்தை விறைப்பு. நுழையவே மறுத்தால் மிக மென்மை. கொஞ்சம் நெருக்கிப் போனால் சரி. பிறகு நீங்கள் வழக்கமாகத் தூங்கும் நிலையில் 10 நிமிஷமாவது படுங்கள். கடைக்காரர் பார்ப்பார் என்று கூச்சப்பட்டால் பத்து வருஷம் முதுகு பார்த்துக்கொள்ளும்.

வீட்டிலுள்ள பழைய மெத்தைக்கு நூல் சோதனை. விரிப்பை எடுத்துவிட்டு, அகலவாக்கில் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் மெத்தைக்கும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், பஞ்சு மெத்தையைப் பிரித்துத் தைக்க வேண்டும், மற்றதை மாற்ற வேண்டும். பள்ளம் விழும்வரை காத்திராமல் 3 மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டால் ஆயுள் கூடும்.

தலையணை

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் நுனிக்கும் கழுத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவோ, அமுங்கிய பின் தலையணையின் உயரம் அவ்வளவு. பெரும்பாலோருக்கு 4 முதல் 5 அங்குலம். மல்லாந்து படுப்பவருக்கு 3 அங்குலம் போதும், அதுவும் தலைக்கு மட்டும் இல்லாமல் கழுத்து வளைவுக்கும் சேர்த்து. குப்புறப் படுப்பவருக்கு மிக மெல்லியது, அல்லது இல்லாமலே. இரண்டு தலையணையை அடுக்கிப் படுப்பவர்கள் காலையில் பிடரி பிடித்துக்கொள்கிறது என்று எண்ணெய் தேய்ப்பார்கள். ஒன்றை எடுத்துவிட்டாலே பலருக்குப் போதும். அந்த இரண்டாவது தலையணையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து ஒருக்களித்துப் படுத்தால் இடுப்புக்கு இதம்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் தலையணையை உயர்த்துவது பயன் தராது. வயிறு மடிந்து அழுத்தம்தான் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 6 முதல் 8 அங்குல உயரத்துக்கு உறுதியான மரக்கட்டை வைத்துக் கட்டிலையே சாய்க்க வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்தால் இன்னும் நல்லது.

ஃபைபர் தலையணை செத்துவிட்டதா என்று பார்க்க, இரண்டாக மடித்துக் கையை விடுங்கள். தானாக நிமிராவிட்டால் குப்பைக்கு. இலவம்பஞ்சுத் தலையணைக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அது எப்போதுமே சோம்பேறி. அதைத் தையல் பிரித்துப் பஞ்சைப் பிய்த்து உதிர்த்து மறுபடி அடைக்கலாம்.

எண்ணெய் தடவிய தலைக்கு உறைமேல் உறையாக இரண்டு போடுங்கள். உள்ளே ஜிப் வைத்த தடித்த பருத்தி உறை, வெளியே அடிக்கடி மாற்றும் உறை. எண்ணெய் பஞ்சுக்குள் இறங்கிச் சிக்கு வாடை பிடித்துவிட்டால் எந்த வெயிலும் அதை எடுக்காது.

விரிப்பும் போர்வையும்

நூல் எண்ணிக்கை, அதாவது ஒரு சதுர அங்குலத்தில் உள்ள இழைகள், 200 முதல் 300 வரையிலான சாதாரண நெசவுப் பருத்தி விரிப்பு நம் வெப்பத்துக்குப் போதுமானது. 1000 என்று அச்சிட்டு வருபவை பெரும்பாலும் முறுக்கிய இழைகளைத் தனித்தனியாக எண்ணிய கணக்கு. நெருக்கம் கூடக் கூடக் காற்று குறையும். ‘கிளேஸ் காட்டன்’ என்ற பெயரில் குறைந்த விலைக்கு வருவது பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும்.

கரூரும் சென்னிமலையும் விரிப்புக்குப் பெயர் பெற்றவை. அங்கிருந்து வரும் கைத்தறி விரிப்பு முதலில் விறைப்பாக இருக்கும், நாலு சலவைக்குப் பின் பழகும். பருத்தி சுருங்கும், ஆகவே மெத்தையின் அளவை விட எல்லாப் பக்கமும் ஓர் அடிக்குமேல் தொங்குகிற அளவில் வாங்குங்கள். 78-க்கு 72 அங்குலக் கட்டிலுக்கு 108-க்கு 108 விரிப்பு. 90-க்கு 100 வாங்கினால் இரவில் பாதி உருண்டுவந்து முதுகுக்குக் கீழே கயிறாகக் கிடக்கும். பவானி ஜமக்காளம் தரைக்கும் பாய்க்கும் அருமை, தோலோடு நேராகப் படுக்கச் சொரசொரப்பு. அதன்மேல் ஒரு விரிப்பு வேண்டும்.

வெயிலில் போடுவது

பஞ்சு மெத்தையும் தலையணையும் கோடையில் மாதம் ஒருமுறை, மழைக்குப் பின் வெயில் வந்த முதல் நாளே. காலை 10 மணிக்கு மேல் தரை சூடான பிறகு கொண்டுபோய், பாயின் மேலோ கயிற்றுக் கட்டில் மேலோ போடுங்கள். ஒரு பக்கம் இரண்டு மணி நேரம், திருப்பி இன்னொரு பக்கம் இரண்டு மணி நேரம். 3 மணிக்குள் எடுத்துவிடுங்கள். ‘நன்றாகக் காயட்டும்’ என்று சாயங்காலம்வரை விடுவதுதான் பொதுவான தவறு. வெயில் தாழ்ந்து கடற்காற்று திரும்பியதும் காய்ந்த பஞ்சு மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உள்ளே கொண்டுவந்து, சூடு ஆறிய பிறகே விரிப்பைப் போட வேண்டும்.

இலவம்பஞ்சைக் கம்பால் அடிக்கக் கூடாது. நார் எளிதில் உடைந்து தூளாகும். ஓரத்துக்குப் போன பஞ்சைக் கையால் பிசைந்து நடுவுக்குத் தள்ளினால் போதும்.

ஃபோமையும் லேடக்ஸையும் வெயிலில் போடவே கூடாது. ஃபோம் மஞ்சளாகி உதிரும், லேடக்ஸ் வெடித்துப் பொடியாகும். அவற்றை நிழலில் நிமிர்த்தி வைத்து மின்விசிறியை ஓடவிடுங்கள்.

துவைப்பதும் தூசி உண்ணியும்

தலையணை உறை வாரம் இருமுறை, விரிப்பு வாரம் ஒருமுறை, போர்வை இரு வாரத்துக்கு ஒருமுறை. எண்ணெய்க்கறை பட்ட உறையை நனைப்பதற்கு முன்னால், உலர்ந்த துணியிலேயே பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டுத் தேய்த்து அரைமணி நேரம் வையுங்கள். நனைத்துவிட்டால் எண்ணெய்க்குள் சோப்பு சரியாக இறங்காது. ரத்தக்கறைக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டுமே, வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும்.

மெஷினில் ஒரு பெரிய விரிப்பும் நாலு உறையும் ஒரு தடவைக்குப் போதும். திணித்தால் சோப்பு முழுதாக அலசாது. அந்த மிச்சச் சோப்பு வேர்வையோடு கலந்து முதுகெல்லாம் அரிக்கும், பழி மெத்தைமேல் விழும்.

காலையில் எழுந்ததும் தொடர்ந்து தும்மல், மூக்கொழுகல், இரவில் வீசிங் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தூசி உண்ணியை, அதாவது டஸ்ட் மைட்டை. கண்ணுக்குத் தெரியாது, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். நம் தோலிலிருந்து உதிரும் செதிள்தான் அதன் உணவு. தண்ணீர் குடிக்க வாய்ப்பில்லாத அந்த உயிர் காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது, ஆகவே காய்ந்த படுக்கையில் பெருக முடியாது. ஒவ்வாமை தருவது முக்கியமாக அதன் எச்சம்.

பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் பெரும்பாலும் போகும், உண்ணி சாகாது. 60 டிகிரி வெந்நீர் வேண்டும். மெஷினில் அந்த வசதி இல்லையென்றால், தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும். விரிப்பை அதில் மூழ்க வைத்து மூடி அரைமணி நேரம் விட்டு, பிறகு வழக்கம்போல் துவையுங்கள். சாயம் போகிறதா என்று ஓர் ஓரத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். துவைக்க முடியாத மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமான நெசவில் ஜிப் உறை போட்டு மூடினால், உள்ளே இருப்பது மூக்குக்கு வராது. எழுந்தவுடன் படுக்கையை மடித்து மூடாமல் அரைமணி நேரம் திறந்து விடுங்கள்.

வீட்டில் யாருக்காவது சொறி சிரங்கு என்று டாக்டர் மருந்து கொடுத்தால், கடைசி 3 நாளில் அவர் பயன்படுத்திய விரிப்பு, உறை, துண்டு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். உடம்பை விட்டு வந்த சிரங்கு உண்ணி 2, 3 நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. மருந்து பூசுவதும் துவைப்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

மூட்டைப்பூச்சி வந்துவிட்டால்

வெயிலில் போட்டால் செத்துவிடும் என்பது பாதி உண்மை. 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் பூச்சியும் முட்டையும் சாகும். ஆனால் தடித்த மெத்தையின் நடுவில் அந்தச் சூடு ஏறுவதில்லை, பூச்சியும் நிழல் பக்கமாக நகர்ந்துவிடும். பெண் பூச்சி தன் ஆயுளில் 200-க்கு மேல் முட்டை இடும், 6 முதல் 10 நாளில் பொரிக்கும். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை என்று தெரிந்தே இறங்குங்கள்.

டார்ச் எடுத்து மெத்தையின் ஓரத்தையல், முடிச்சுக் குழி, கட்டில் மூட்டு, ஆணித்துளை, தலைமாட்டுப் பலகையின் பின்புறம், சுவர்க் காலண்டருக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். பேனா மைப்புள்ளி போன்ற கறுப்புக் கறை, தோல்கூடு, வெள்ளை முட்டை இருந்தால் அங்கேதான் குடியிருப்பு. துணிகளை அப்படியே பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, நேராக வெந்நீருக்குக் கொண்டுபோங்கள். கையில் அள்ளிக்கொண்டு அடுத்த அறை வழியாக நடந்தால் அந்த அறைக்கும் பரவும். கட்டிலைக் கழற்றி வெளியே கொண்டுவந்து, மரமும் இரும்புமானால் மூட்டுகளில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். பிளைவுட் ஊதிவிடும், அதற்கு ஸ்டீமர். காய்ந்ததும் விரிசல்களை மரத்துக்கான புட்டி வைத்து அடையுங்கள். மெத்தைக்கு முழு ஜிப் உறை போட்டு ஒரு வருஷம் கழற்றாதீர்கள், உள்ளே மாட்டியது பட்டினியில் சாகும். கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி நகர்த்தி, கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். 10 முதல் 14 நாளில் இதையெல்லாம் இன்னொரு முறை செய்தே ஆக வேண்டும், விட்டுப்போன முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். ஆள் வைத்து மருந்தடித்தாலும் இரண்டாம் முறை வருவது உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

மண்ணெண்ணெய் வேண்டாம். பூச்சி மருந்துப் பொடியை மெத்தையில் தூவுவதும் வேண்டாம், அதன்மேல் எட்டு மணி நேரம் மூச்சு விடப் போவது நீங்கள். மூட்டைப்பூச்சி வந்ததில் வெட்கப்படவும் எதுவும் இல்லை. சுத்தமான வீட்டுக்கும் ஹாஸ்டல் பெட்டியிலும் பழைய சோபாவிலும் ஏறி வரும்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு

இங்கே படுக்கைதான் பாதி வைத்தியம். தானாகப் புரள முடியாதவரின் எலும்பு மேடுகளில் ரத்த ஓட்டம் நின்று தோல் புண்ணாகும். இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பு எலும்பின் பக்கம், தோள்பட்டை, முழங்கை, பின்மண்டை ஆகியவற்றைத் தினம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தை விடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், சேதம் கூடும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். முழுதாக ஒருக்களித்தால் எடையெல்லாம் இடுப்பு எலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். கெண்டைக்கால் நீளத்துக்கு ஒரு தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி விடுங்கள். வளையம் போன்ற குஷன் வேண்டாம், அதன் விளிம்பே ரத்த ஓட்டத்தை அடைக்கும்.

மின்பம்பால் காற்று நிரப்பும் ஏர் பெட் வாங்கினால் அதைச் சாதாரண மெத்தையின் மேலே போடுங்கள். மின்சாரம் போய்க் காற்று இறங்கினால் வெறும் பலகையில் படுக்க நேராது. மேலே ஒரே ஒரு விரிப்பு. ரெக்சின், ஜமக்காளம், போர்வை என்று அடுக்கினால் ஏர் பெட்டின் வேலையே கெட்டுவிடும். காற்று போதுமா என்று பார்க்க, நோயாளியின் இடுப்புக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கும் அடியில், உள்ளங்கையை மேல்நோக்கி நுழையுங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதாது. ஏர் பெட் இருந்தாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது.

அவரை எழுப்பாமல் விரிப்பு மாற்ற இரண்டு பேர் வேண்டும். அவரை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் பழைய விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகுவரை தள்ளுவார். புது விரிப்பைப் பாதியளவு சுருட்டி அதன் பக்கத்திலேயே வைத்து, வெளிப்பாதியை இழுத்துச் செருக வேண்டும். அந்தச் சுருட்டு மேட்டைத் தாண்டி அவரை மெதுவாக இந்தப் பக்கம் புரட்டி, அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பழையதை உருவி எடுத்துப் புதியதை இழுத்துவிடுங்கள். கடைசியில் உள்ளங்கையால் முழுதும் தடவிச் சுருக்கம் இல்லை என்று பார்க்க வேண்டும். அவரை நகர்த்தும்போது தரதரவென்று இழுக்காமல், விரிப்பைப் பிடித்துத் தூக்கி வையுங்கள்.

கைக்குழந்தைக்கு நேர்மாறான விதி. முதல் ஒரு வயதுவரை தலையணை வேண்டாம், மெத்தென்ற இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம், முகத்துக்கருகில் போர்வையும் பொம்மையும் வேண்டாம். கெட்டியான சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. முகம் புதைந்தால் மூச்சுக்காகத் திரும்பிக்கொள்ள அந்த வயதில் முடியாது.

பழைய மெத்தையைப் பிரித்துத் தைப்பது

இலவம்பஞ்சு மெத்தை 2, 3 வருஷத்தில் தட்டையாகும். தூக்கிப் போடத் தேவையில்லை. பிரித்து, தூளாகிப்போன பஞ்சையும் கறை பட்டதையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வெயிலில் வலைக்கடியில் உலர்த்த வேண்டும். வலை போடாவிட்டால் தெரு முழுக்கப் பஞ்சு பறக்கும். வேலை செய்பவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தை சிறுநீர் கழித்து நனைந்த பஞ்சும் இப்படித்தான்: அந்த இடத்துத் தையலை மட்டும் பிரித்து நனைந்ததை வெளியே எடுங்கள். மேலாகக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே நாறிக்கொண்டிருக்கும்.

பத்து கிலோ மெத்தைக்குக் குறைந்தது 2 கிலோ புதுப் பஞ்சு சேர்க்க வேண்டியிருக்கும். புதியதை நடுவிலும் பழையதை ஓரத்திலும் அடைக்கச் சொல்லுங்கள், எடை விழுவது நடுவில்தான். பிரிக்கும்போதும் அடைக்கும்போதும் எடை போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பஞ்சு உங்கள் மெத்தைக்கே திரும்பி வந்ததா என்பதற்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.